யாருக்கு மாத்திரை?

பிள்ளையுண்டான பெண்ணுக்கு வாந்தி மாத்திரை வாங்க மருந்துக் கடைக்கு வருகிறவர் அநேகமாக அந்தப் பெண்ணாக இருக்கமாட்டார். கணவர் வருவார், மாமனார் வருவார், சில சமயம் பள்ளிக்கூடச் சட்டையோடு கொழுந்தன் பத்து ரூபாய்த் தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வருவான். "வாந்திக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். யாருக்கு என்று சொல்லமாட்டார்கள். மூன்று மாதம் தாண்டும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள்.

டி.பார்ம் முடித்த கையோடு கோவில்பட்டியில் ஒரு பழைய மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். மருந்துப் பெயர்களையெல்லாம் நான் படித்துவிட்டு வந்திருந்தேன். ஆட்களைப் படிக்க அவர்தான் சொல்லிக்கொடுத்தார். "வயசுப் பொம்பளைக்கு வாந்தின்னு யார் வந்து கேட்டாலும் சட்டுனு எடுத்துக் குடுத்துராதம்மா. யாருக்குன்னு கேளு. தலைக்கு ஊத்தி எத்தன நாளாச்சுன்னு கேளு. எனக்கு அதக் கேக்க வாய் வராது. நீ பொம்பளப் பிள்ள, உன்னால கேக்க முடியும்." கேட்கப் பழகினேன். கேட்டால் ஆண்கள் தரையைப் பார்ப்பார்கள். அவர்கள் தரையைப் பார்த்தாலே எனக்குப் பதில் கிடைத்துவிடும். "அவங்களயே கூட்டிட்டு வாங்க, இல்ல டாக்டர் சீட்டோட வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புவேன். ரெண்டு மாத்திரை விற்பனை போனதற்காக அண்ணாச்சி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அந்தக் கேள்வி எதற்காக என்பது என் வீட்டுக்குள்ளேயே எனக்கு முழுதாக விளங்கியது.

2001இல் என் மதினி முதல் பிள்ளை உண்டாகியிருந்தார். ஆறாவது வாரத்தில் குமட்டல் ஆரம்பித்தது. முதலில் காலையில் பல் விளக்கும்போது மட்டும். அப்புறம் சோறு வேகும் வாசம், கடுகு தாளிக்கும் வாசம், தெருமுனைத் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வரும் மருந்து வாடை, அண்ணன் தலையில் தேய்க்கும் எண்ணெய், கடைசியில் தண்ணீர். தண்ணிக்கு என்ன வாசம் என்று அண்ணன் கேட்டான். மதினிக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. எச்சில் ஊறி ஊறி வாயில் தங்காமல், துப்புவதற்கென்று ஒரு சொம்பு எந்நேரமும் பக்கத்தில் இருந்தது. படுத்தால் குமட்டல், எழுந்தால் வாந்தி. பித்தத் தண்ணீர் பச்சையாக வந்து தொண்டை புண்ணாகிப்போனது.

"பொறுத்துக்கோ தாயி. நானும் நாலு பெத்தவதான். மசக்கைக்கு மருந்து குடிச்ச பொம்பளைய நான் பாத்ததில்ல" என்றார் என் அம்மா. நெஞ்செரிச்சல் கூடினால் பிள்ளைக்கு முடி நிறைய இருக்கும் என்று ஆறுதல் வேறு. அம்மாவின் அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, மதினி தலையைத் தூக்குவதற்குள் வாயில் போட்டுக்கொள்ளப் பொரிகடலையும் ரஸ்க்கும் கொண்டுபோய் வைப்பார். நார்த்தங்காய் ஊறுகாய், எலுமிச்சைச் சாறு, இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். அவை வீண் வேலைகளும் அல்ல. கர்ப்பிணிகளில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக, வயிறு காலியாகாமல் தின்று சமாளித்துவிடுகிறார்கள். இஞ்சி லேசான குமட்டலை ஓரளவு தணிக்கும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், நாலு ஐந்து மாதத்துக்குள் அநேகம் பேருக்கு அடங்கிவிடும்.

மதினிக்கு அடங்குகிற மாதிரி தெரியவில்லை. லேடி டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் இரவில் போட ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்: டாக்சிலமினும் பி6 வைட்டமினும் சேர்ந்தது. டாக்சினேட் என்று சொன்னால் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உடனே தெரியும். எங்கள் கடையிலிருந்தே எடுத்துக்கொடுத்தேன். ஒரு வாரம் ஆகியும் வாந்தி நிற்கவில்லை என்றதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. துவைக்கப் போடலாம் என்று தலையணை உறையைக் கழற்றியபோது அந்த அட்டை கீழே விழுந்தது. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

நான் கேட்பதற்கு முன் மதினியே சொன்னார். எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து, இந்த மாதத்தில் மாத்திரை முழுங்கினால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "நீ படிச்சவ. ஆனா பிள்ள கையில்லாம பிறந்தா நீயா வளப்ப?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் தாலிடோமைடு பாடம் கேட்டவள் நான். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்பனைக்கு வந்த மருந்து அது. டாக்டர் சீட்டே வேண்டாம், அவ்வளவு பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள். மசக்கைக்கும் நன்றாகக் கேட்கிறது என்று கர்ப்பிணிகள் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். கருவில் கையும் காலும் உருவாகும் அந்தச் சில வாரங்களில் ஒரே ஒரு மாத்திரை போட்டாலும் போதும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறுகியோ இல்லாமலோ பிறந்தார்கள். ஜெர்மனியில் விடுகின்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடு என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே எச்சரித்த பிறகு, 1961 கடைசியில்தான் அது ஜெர்மனிச் சந்தையிலிருந்து போனது. அமெரிக்காவில் அது விற்பனைக்கே வரவில்லை. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஃபிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, கர்ப்பத்தில் இது பாதுகாப்பானது என்பதற்குச் சான்று எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருந்துவிட்டார். எங்கள் தொழிலில் எனக்குக் கும்பிடத் தோன்றும் ஒரு பெயர் இருந்தால் அது அவருடையதுதான்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பயம் கடல் தாண்டி, ஒருவர் வாயிலிருந்து ஒருவர் காதுக்குப் போய், நாற்பது வருடம் கழித்து எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. எந்த மாத்திரை, எந்த மாதம் என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோய், ‘மாத்திரை’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் மிஞ்சியிருந்தது.

"அது வேற மருந்து மதினி, இது வேற" என்று மட்டும்தான் அன்றைக்கு என்னால் சொல்ல முடிந்தது. இந்த மாத்திரைக்கென்று ஒரு தனிக் கதை இருப்பதைப் பிற்பாடு தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம் வந்த கதை.

1956இல் அமெரிக்காவில் இது பெண்டெக்டின் என்ற பெயரில் வந்தது. உலகம் முழுக்க மூன்று கோடிக்கும் மேலான கர்ப்பிணிகள் போட்டுக்கொண்டார்கள். இதைத் தயாரித்த மெர்ரல் நிறுவனம்தான் அமெரிக்காவில் தாலிடோமைடையும் விற்க அனுமதி கேட்டு நின்றது. அதனால் ஊனத்தோடு ஒரு பிள்ளை பிறந்து, அந்தத் தாய் பெண்டெக்டின் சாப்பிட்டிருந்தால், சந்தேகம் நேராக அதன்மேல் விழுந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. வழக்குமேல் வழக்கு வந்தது. தாலிடோமைடைப் பற்றி முதலில் எச்சரித்தவர்களில் ஒருவரான அதே மெக்பிரைடு இந்த மருந்துக்கு எதிராகவும் சாட்சி சொன்னார். அவர் பேச்சை யார் தட்டுவார்கள்? ஆனால் அதில் இருந்த ஒரு சேர்மானத்துக்கு நெருங்கிய மருந்தை முயல்களுக்குக் கொடுத்து அவர் வெளியிட்ட ஆய்வில் எண்களை மாற்றி எழுதியிருந்தது அவருடன் வேலை பார்த்த இளம் ஆய்வாளர்களால் வெளிவந்தது. 1993இல் மருத்துவர் பட்டியலிலிருந்தே அவர் பெயரை நீக்கினார்கள். ஒருமுறை உலகத்தையே காப்பாற்றிய மனிதர் அடுத்த முறை உண்மையைக் கைவிட்டார். இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

வழக்குச் செலவு தாங்காமல் 1983இல் அந்த நிறுவனமே மருந்தை நிறுத்திக்கொண்டது. இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளில் பார்த்தும், இந்த மாத்திரையால் பிறவிக் குறை கூடுகிறது என்று தெரியவில்லை. மருந்து போன பிறகு அமெரிக்காவில் பிறவிக் குறைகள் குறையவும் இல்லை. கர்ப்பகால வாந்தியால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் பெண்களின் விகிதம்தான் கூடியது. கனடாவில் இதே மாத்திரை விற்பனையில் தொடர்ந்தது. அமெரிக்காவில் மறுபடி அனுமதி கிடைத்தது 2013 ஏப்ரலில். முப்பது வருடம். அந்த முப்பது வருடத்தில் கையெட்டும் தூரத்தில் இருந்த ஒரு மாத்திரை கிடைக்காமல் எத்தனை பெண்கள் சொம்பும் கையுமாகக் கிடந்திருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. மருந்து கொடுத்ததால் வந்த கேட்டுக்கு வழக்கு உண்டு, நீதிமன்றம் உண்டு. கொடுக்காததால் வந்த கேட்டை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

என் மதினியின் கேடும் அந்த எழுதப்படாத கணக்கில்தான் சேர்ந்தது. டாக்டரிடம் நேரில் கேட்டுவிட்டுத்தான் போடுவேன் என்றார். அது நியாயமான பேச்சு. ஆனால் கூட்டிப்போவதற்குள் உடம்பு கேட்கவில்லை. ஒரு நாள் காலையிலிருந்து மடக்குத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் கொஞ்சமாகப் போயிற்று. எழுந்து நின்றதும் கண் இருட்டிக் கொல்லை வாசலில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரித் தராசில் நிறுத்தபோது நாற்பத்தேழு கிலோ. கல்யாணத்துக்குப் பிறகு ஐம்பத்திரண்டு இருந்தவர். இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்து, உடம்பில் நீரும் வற்றிவிட்டால் அதைச் சாதாரண மசக்கைக் கணக்கில் வைக்கமாட்டார்கள்.

அங்கே நடந்த ஒன்றை நான் எங்கே போனாலும் சொல்லுவேன். "சீக்கிரம் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர், பிள்ள துவண்டு கெடக்கு" என்று அம்மா கெஞ்சினார். இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டர், "குளுக்கோஸ் வேணாம்மா, முதல்ல உப்புத் தண்ணி பாட்டில்தான். அதுக்கும் கூடவே பி1 ஊசி போடணும்" என்றார். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்க ரத்தம் எடுத்து அனுப்பினார். பி1 ஊசி அந்த நேரத்தில் அங்கே இருப்பில் இல்லை. நான் அண்ணாச்சி வீட்டுக் கதவைத் தட்டிக் கடையைத் திறக்கச் சொல்லி எடுத்துவந்தேன். ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்டேன். பல வாரம் வாந்தியெடுத்த உடம்பில் பி1 வைட்டமின், அதாவது தயமின், ஏறக்குறையத் தீர்ந்துபோயிருக்கும். அந்த நேரத்தில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் அதைச் செரிக்க மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளையே பாதிக்கப்படலாம். பார்வை அலையும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். சிலருக்கு அது திரும்புவதேயில்லை. கார்ல் வெர்னிக்கே 1881இல் இந்த நோயை முதன்முதலாக மூன்று பேரிடம் கண்டு எழுதினார். இருவர் குடிகாரர்கள். மூன்றாவது ஆள் கந்தக அமிலத்தைக் குடித்துவிட்டு ஓயாமல் வாந்தியெடுத்த ஓர் இளம்பெண். குடிப்பவர்களின் நோய் என்று இன்றும் பலர் நினைக்கும் அதன் முதல் வரலாற்றிலேயே வாந்தியெடுத்த பெண் ஒருத்தி இருக்கிறாள். தளர்ச்சி என்றதும் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டுவிடுங்க" என்று கேட்பது நம் ஊரில் எல்லாருக்கும் வாய்ப்பழக்கம். கர்ப்பிணிக்காகக் கேட்கிறவர்கள் பி1 போட்டாச்சா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மறுநாள் மதியம் மதினி அரை இட்லி கேட்டார். அம்மா அழுதுவிட்டார்.

மூத்த டாக்டர் சுற்று வந்தபோது மதினி தன் கேள்வியைக் கேட்டார், அதே சொற்களில். டாக்டர் கோபப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, எந்தெந்த வாரத்தில் பிள்ளைக்கு எந்த உறுப்பு உருவாகிறது, இந்த மாத்திரையை எத்தனை காலமாக எவ்வளவு பேர் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். "நீங்க பட்டினி கெடக்குறதும் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லம்மா" என்றார். எப்படிப் போட வேண்டும் என்பதையும் அவரே விளக்கினார். மேலே பூச்சுப் பூசி மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரை, ஆகவே மெல்லக் கூடாது, உடைக்கக் கூடாது. இரவில் போட்டால்தான் விடியற்காலையில் மருந்து வேலை செய்துகொண்டிருக்கும். வாந்தி வந்த பிறகு போடுவதற்கில்லை, வராமல் தடுக்கத் தினமும் போட வேண்டும். இரவு இரண்டில் ஆரம்பித்து, கேட்காவிட்டால் அவர் பார்த்துக் காலையும் பிற்பகலும் ஒவ்வொன்று சேர்ப்பார். நாளைக்கு நாலுக்குமேல் போகாது. தூக்கம் வரும். சளி இருமல் மருந்து எதையும் தானாக வாங்கிச் சேர்த்துக் குடிக்கக் கூடாது, அவற்றில் பலவற்றிலும் இதே இனத்து மருந்து இருக்கும். பிரச்சினை தணியும்வரை இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவைத்து, ஃபோலிக் அமிலத்தை மட்டும் தொடரச் சொன்னார். இரும்புச்சத்து வயிற்றைப் புரட்டும்.

வாந்தி முழுதாக நின்றுவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். இந்த மருந்து மந்திரம் ஒன்றும் அல்ல. ஏழெட்டு முறை எடுத்தது இரண்டு மூன்றானது, இடையில் சாப்பிட்டது தங்கியது. ஐந்தாம் மாதம் மதினி கத்தரிக்காய்க் குழம்பு கேட்டார். பெண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டு நெற்றியில் முத்தமிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கடையில் நான் கேட்கும் கேள்விகள் இரண்டோடு நிற்கவில்லை.

ஒரு தடவை தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் ஓர் இளம்பெண்ணை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர் பாட்டில் வாங்க எங்கள் கடை வாசலில் நிறுத்தினார்கள். கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டு, கண் மேலே செருகி, நாக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. காத்துக் கருப்பு என்று வீட்டார் சொன்னார்கள். மூன்று மாதம் என்று மாமியார் மெல்லச் சொன்னதும், வாந்திக்கு என்ன குடுத்தீங்க என்று கேட்டேன். எங்கோ வாங்கிய மெட்டோகுளோபிரமைடு மாத்திரை. ஒன்றுக்கு நிற்கவில்லை என்று இரண்டிரண்டாகக் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் கொடுத்தால் அது பயனுள்ள மருந்துதான், கர்ப்பத்தில் நெடுங்காலமாகக் கொடுத்துவருவதுதான். ஆனால் இளம்பெண்களுக்குச் சில நேரம் இப்படித் தசைகளை முறுக்கிவிடும். அதனால்தான் ஐந்து நாளுக்குமேல் தொடர்ந்து வேண்டாம் என்று சொல்கிறார்கள். கோயிலுக்கு அப்புறம் போகலாம், முதலில் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தேன். ஒரு ஊசியில் கழுத்து நேரானது என்று பிறகு வந்து சொன்னார்கள்.

இன்னொன்று, ஒன்டான்செட்ரான். புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் வாந்திக்காக உருவான மருந்து. நன்றாகவே கேட்கும், ஆகவே வாந்தி என்றதும் எல்லாரும் இதையே கேட்கிறார்கள். நாக்கில் வைத்தால் கரையும் மாத்திரை என்பதால், தண்ணீரே இறங்காதவர்களுக்கு வசதி. 2018இல் அமெரிக்காவில் பதினெட்டு லட்சம் கர்ப்பங்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், முதல் மூன்று மாதத்தில் இதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளிடம் இதயக் குறை கூடவில்லை என்றும், உதடு அண்ணப் பிளவு பத்தாயிரத்துக்கு மூன்று பேர் என்ற அளவில் கூடலாம் என்றும் தெரிந்தது. பத்தாயிரத்தில் மூன்று என்பது சின்ன எண். உயிர் போகிற மாதிரி வாந்தியெடுக்கும் பெண்ணுக்கு டாக்டர் அதை எழுதினால் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் லேசாகக் குமட்டும் பெண்ணுக்கு எடுத்த எடுப்பிலேயே அதைக் கொடுக்க என்ன அவசியம்? அந்த அளவை எடைபோட்டுப் பார்க்க வேண்டியவர் டாக்டரும் அந்தப் பெண்ணும்தான். அவர்கள் இருவருமே இல்லாத இடத்தில், மாமனாரும் கடைப் பையனும் சேர்ந்து முடிவெடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மலச்சிக்கலையும் அது கூட்டும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கும் இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் கவனம் வேண்டும் என்பதையும் கடை மேசையில் நின்று யாரும் கேட்டறிய முடியாது.

பி6 வைட்டமின்தானே, நிறையக் கொடுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. வைட்டமின் என்பதால் தீங்கில்லை என்று நினைக்கிறார்கள். பெரிய அளவில் வெகுகாலம் சாப்பிட்டால் அதுவும் கை கால் நரம்பைக் கெடுக்கும்.

ஒருமுறை கணவர் ஒருவர் பழைய காலி அட்டையைக் கொண்டுவந்து அதே மாத்திரை வேண்டும் என்றார். டாக்டர் சீட்டும் இருந்தது, ஆனால் ஐந்து மாதப் பழசு. இப்போது எத்தனையாவது மாதம் என்று கேட்டேன். எட்டு. வாந்தி நின்று போய் நேற்றிலிருந்து மறுபடி வருகிறதாம், தலை வேறு இடிக்கிறதாம், நெஞ்சுக்குழியில் வலியாம். அந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கவில்லை. எட்டாம் மாதத்தில் புதிதாக வரும் வாந்தி மசக்கையாக இருக்காது, இந்த நிமிஷமே கொண்டுபோய் ரத்த அழுத்தம் பாருங்கள் என்று விரட்டினேன். அழுத்தம் எகிறியிருந்தது. அன்றிரவே ஆபரேஷன் செய்து தாயையும் பிள்ளையையும் மீட்டார்கள். அட்டையில் எழுதியிருக்கும் பெயர் அதேதான், ஆனால் மூன்றாம் மாதத்துக்கும் எட்டாம் மாதத்துக்கும் நடுவே வியாதி மாறிவிட்டது.

அட்டையைக் கத்தரித்து இரண்டு மாத்திரை கொடுக்கும் வழக்கத்தை நான் வெறுப்பதற்கும் காரணம் உண்டு. பெயர் ஒரு துண்டில் போய்விடும், காலாவதித் தேதி இன்னொரு துண்டில். ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் "வெள்ளையா, சின்னதா" என்பார்கள். பத்தாக வாங்க எல்லோரிடமும் பணம் இருப்பதில்லை, அதனால் கத்தரிக்கத்தான் வேண்டியிருக்கிறது. கவரின்மேல் மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் எழுதாமல் என் கை எதையும் கொடுத்ததில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் பெண் என்றால் "தூக்கம் வரும்" என்று கீழே கோடு போட்டு எழுதுவேன்.

பொறுத்துக்கொள் என்ற சொல்லுக்குப் பின்னால் இன்னொரு எண்ணமும் ஒளிந்திருக்கிறது: இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது, செல்லம், வேலைக்குக் கள்ளம். மதினியைப் பற்றியும் உறவில் சிலர் அப்படிப் பேசினார்கள். அது பொய் என்று நிரூபிக்க ஒரு பெண் வந்தார். மார்லினா ஃபெஜோ என்ற அமெரிக்க மரபணு ஆய்வாளர். அவரே 1999இல் கடுமையான கர்ப்பகால வாந்தியால் கருவைப் பறிகொடுத்தவர். நம்பாத மருத்துவரை அவரும் பார்த்திருக்கிறார். பல வருட உழைப்புக்குப் பிறகு அவரும் கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓராஹிலியும் மற்றவர்களும் 2023 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைக் காரணமாகக் காட்டியது. கர்ப்பத்தில் அது முக்கியமாக நஞ்சுக்கொடியிலிருந்து வெள்ளமாக வருகிறது, மூளையின் அடிப்பகுதியில் குமட்டலைக் கிளப்புகிறது. கர்ப்பத்துக்கு முன் யாருடைய ரத்தத்தில் அது குறைவாக இருக்கிறதோ அவர்களுக்கு அந்த வெள்ளம் தாங்குவதில்லை. உடம்பில் நடப்பது, ரத்தத்தில் அளக்கக்கூடியது. இதை நான் மதினியிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு, "அன்னைக்கே இதச் சொல்ல ஒருத்தரும் இல்லையே" என்றார்.

அம்மாவுக்குக் கடுமையாக இருந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று நார்வே நாட்டு ஆய்வு ஒன்று உண்டு. அதனால் அண்ணன் மகளுக்கு மதுரையில் கல்யாணமான கையோடு அவளிடம் சொல்லிவைத்தேன், நாள் தள்ளிப்போனால் குமட்டல் வரும்வரை காத்திராமல் டாக்டரைப் பார்த்துவிடு என்று. இந்த வருடம் அவள் உண்டானாள். மதினியும் கூடப் போனார். அம்மாவுக்கு எப்படி இருந்தது என்று டாக்டர் கேட்டதும் மதினி கைப்பையிலிருந்து 2001ஆம் வருட ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து மேசையில் விரித்திருக்கிறார். எடை, ஏற்றிய பாட்டில்கள், பி1 ஊசி எல்லாம் அதில் இருந்தன. டாக்டர் முழுக்கப் படித்துவிட்டு, முதல் குமட்டல் தெரிந்த அன்றைக்கு இரவே இரண்டு மாத்திரையில் ஆரம்பிக்கச் சொல்லி, வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதிக்கொண்டு வரும்படி நோட்டு ஒன்றும் கொடுத்தார்.

ஆரம்பித்த இரண்டாம் நாள் அவள் போன் செய்தாள். "அத்தை, வாந்தி வரல. ஆனா காலைல கண்ணே திறக்க முடியல. ஸ்கூட்டர்ல ஆபீஸ் போகலாமா?"

"ஸ்கூட்டரத் தொடாத. பஸ்ஸுல போ, இல்ல அவரக் கொண்டுவிடச் சொல்லு. மாத்திரைய இன்னும் கொஞ்சம் முன்னாடி போடலாமான்னு டாக்டர்கிட்டயே கேளு, நீயா நேரத்த மாத்தாத."

டாக்டர் ஒன்பது மணிக்கு மாற்றினார். பதினான்காம் வாரம் நடக்கிறது. வெங்காயம் வதக்கும்போது மட்டும் இன்னும் வெளியே போய் நிற்கிறாளாம், மாத்திரையை எப்போது குறைப்பது என்று அடுத்த தடவை கேட்கப் போகிறாளாம். நோட்டில் எடை முக்கால் கிலோ கூடியிருக்கிறது என்று மதினி கூப்பிட்டுச் சொன்னார்.